இதுகூடத் தெரியாதா?

கைப்பேசியில் ஒரு சிரிப்பு முகத்தைத் தட்டி அனுப்ப ஒரு விநாடிகூட ஆகாது. போன ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை இரவு, வேலை முடிந்து எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டே நான் அப்படி ஒன்றை அனுப்பினேன். அடுத்த நிலையம் வருவதற்குள் அதை மறந்தும் விட்டேன். அந்தச் சிரிப்பால் என்ன ஆனது என்று தெரிய எனக்கு இரண்டு மாதம் பிடித்தது.

கரையோர உயிரினங்களைக் கணக்கெடுக்கும் ஒரு தொண்டூழியர் குழுவில் நான் இருக்கிறேன். ஏறக்குறைய 40 பேர். மாணவர்கள், ஆசிரியர்கள், என்னைப்போல் அலுவலகத்தில் எண்களோடு மல்லுக்கட்டுபவர்கள், ஓய்வுபெற்றவர்கள். கடல்நீர் வடியும் நேரம் பார்த்துக் கரைக்குப் போவோம். கண்டதை எண்ணி, படம் எடுத்து, பொதுவான ஓர் அட்டவணையில் பதிவோம். அந்த அட்டவணையை யாரும் பார்க்கலாம், ஆய்வாளர்கள் எடுத்துப் பயன்படுத்தலாம். எங்கள் அளவில் இதுதான் திறந்த அறிவியல்.

எங்களோடு செம்பவாங்கிலிருந்து ஒரு பெரியவர் வருவார். எல்லாருக்கும் அவர் ‘அங்கிள்’. பிரிட்டிஷ்காரர்களின் கடற்படைத் தளம் இருந்த காலத்தில், அதன் ஊழியர் குடியிருப்பில் வளர்ந்தவர். சிறு வயதில் மலாய் நண்பர்களோடு சேற்றில் இறங்கி நண்டு பிடித்த கதைகளை நடந்துகொண்டே சொல்வார்.

அன்று அவர் முதன்முறையாகத் தாமே அட்டவணையில் பதிவு செய்திருந்தார். உயிரினத்தின் அறிவியல் பெயர் கேட்கும் கட்டத்தில், ‘பெலங்காஸ், வால் உருண்டை, 3’ என்று எழுதியிருந்தார். அதையும் ஆங்கில எழுத்தில், எழுத்துப் பிழையோடு. எங்கள் குழுவில் ஓர் இளையர் அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டார். “அறிவியல் பெயர்கூடத் தெரியாமல் எதற்குப் பதிவு?” என்று கீழே ஒரு வரி. வரிசையாகச் சிரிப்பு முகங்கள் வந்தன. அவற்றில் ஒன்று என்னுடையது.

அங்கிள் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் குழுவிலிருந்து விலகிவிட்டார் என்று கைப்பேசி சிறிய எழுத்தில் சொன்னது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

வாலில் இருந்த விவரம்

இரண்டு மாதம் கழித்து, எங்கள் பதிவுகளைப் பயன்படுத்தும் ஓர் ஆய்வாளர் கேட்டார்: “வாலைத் தடவிப் பார்த்து எழுதியிருக்கிறாரே, அவர் யார்? அவரிடம் வேறு பதிவுகள் இருக்கின்றனவா?”

பெலங்காஸ் என்பது குதிரைலாட நண்டின் மலாய்ப் பெயர். பெயரில் நண்டு இருந்தாலும் அது நண்டினம் அன்று. சிலந்திக்கும் தேளுக்கும்தான் நெருங்கிய உறவு. அதன் மூதாதையர் 40 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே கடலில் இருந்ததற்குப் புதைபடிவங்கள் உண்டு. சிங்கப்பூரில் இரண்டு வகை இருக்கின்றன. ஒன்று சதுப்புநிலச் சேற்றை நாடுவது, மற்றொன்று மணற்பாங்கான கரையோரத்தை நாடுவது. மேலே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். வாலைப் பார்த்தால் தெரியும்: முதல் வகைக்கு வால் உருண்டை, இரண்டாவதற்கு முக்கோணம்.

ஆக, அங்கிள் எழுதிய அந்த ஒரு வரியில் இன்ன வகை என்பதற்கான சான்று இருந்தது. எங்களில் பலர் அறிவியல் பெயரைச் சரியாக எழுதியிருந்தோம். எதை வைத்து அந்தப் பெயரைக் கொடுத்தோம் என்று ஒருவரும் எழுதவில்லை. பிழை என்று நாங்கள் சிரித்த பதிவுதான் எல்லாவற்றிலும் நம்பத்தக்க பதிவு.

கதவு திறந்திருந்தால் போதுமா?

2021 நவம்பரில் யுனெஸ்கோவின் உறுப்பு நாடுகள் திறந்த அறிவியல் பற்றிய பரிந்துரை ஒன்றை ஏற்றுக்கொண்டன. ஆய்வுக் கட்டுரைகளும் தரவுகளும் எல்லாருக்கும் கிடைக்க வேண்டும் என்பதோடு அது நிற்கவில்லை. தரமும் நேர்மையும், கூட்டு நன்மை, சமத்துவமும் நியாயமும், பன்முகத்தன்மையும் அனைவரையும் உள்ளடக்குவதும் என நான்கு விழுமியங்களைச் சொன்னது. ஆய்வுக்கூடத்துக்கு வெளியே இருப்பவர்களின் அறிவும், பூர்வகுடியினரின் அறிவும் உரையாடலில் சேர வேண்டும் என்றது.

எங்கள் அட்டவணை யாருக்கும் திறந்துதான் இருந்தது. கடவுச்சொல் கிடையாது, கட்டணம் கிடையாது. ஆனால் உள்ளே வந்தவரை நாங்கள் சிரித்தே வெளியேற்றிவிட்டோம். வீட்டுக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, வந்தவரை “வாங்க, உட்காருங்க” என்று சொல்லாமல் இருப்பது நம் வழக்கமா?

இதற்கு நேர்மாறான ஒரு கதை உண்டு. 2007ல் ‘கேலக்ஸி ஸூ’ என்ற திட்டத்தில், விண்மீன் மண்டலங்களின் படங்களைப் பார்த்து வகைப்படுத்தும்படி பொதுமக்களை விண்வெளி ஆய்வாளர்கள் அழைத்தனர். நெதர்லாந்தைச் சேர்ந்த ஹன்னி வான் ஆர்கெல் என்ற பள்ளி ஆசிரியை ஒரு படத்தில் புரியாத ஒரு பொருளைக் கண்டார். “இது என்ன?” என்று கேட்டார். அவ்வளவுதான். யாரும் “இதுகூடத் தெரியாதா?” என்று திருப்பிக் கேட்கவில்லை. ஏனென்றால் ஆய்வாளர்களுக்கும் தெரியவில்லை! அணைந்துபோன ஒரு குவேசாரின் பழைய ஒளியில் மிளிரும் மாபெரும் வாயு மேகம் அது என்ற விளக்கம் பிறகு வந்தது. இன்று அதன் பெயரே ‘ஹன்னியின் பொருள்’. ஆய்வுக் கட்டுரையில் அவர் பெயரும் ஆசிரியர்களில் ஒன்றாக இடம்பெற்றது. அன்று அந்தக் கேள்விக்குக் கீழே பத்துச் சிரிப்பு முகங்கள் வந்திருந்தால்?

விதிகளை முதலில் எழுதியவர்கள்

நல்ல மனிதர்கள் கூடினால் நல்லபடியாகத்தான் பேசிக்கொள்வார்கள் என்று நான் நினைத்திருந்தேன். இத்துறையில் அனுபவப்பட்டவர்கள் அப்படி நினைக்கவில்லை.

2009ல் கேம்பிரிட்ஜ் கணிதப் பேராசிரியர் திமோத்தி கோவர்ஸ், தீர்வு தேடிக்கொண்டிருந்த ஒரு கணக்கை எல்லாரும் பார்க்கும்படி வைத்து, விரும்பியவர்கள் சேர்ந்து முயலலாம் என்று அழைத்தார். கணக்கைத் தொடங்கும் முன்பே, எப்படிப் பேசிக்கொள்வது என்று விதிகளை எழுதிவிட்டார். கருத்து சிறியதாக இருக்கட்டும். அரைகுறையாக இருந்தாலும் தவறாகவே இருந்தாலும் தயங்காமல் சொல்லலாம். கண்ணியம் தவறக்கூடாது என்பது அவற்றின் சாரம். ஃபீல்ட்ஸ் பதக்கம் வென்ற டெரன்ஸ் டாவோவும் கலந்துகொண்டார், பள்ளி ஆசிரியரும் கலந்துகொண்டார். சுமார் 6 வாரத்தில் வழி பிறந்தது. தனி ஒருவர் பெயரில் அன்றி, ‘பாலிமத்’ என்ற பொதுப் பெயரில் கட்டுரை வெளியானது.

விதி இல்லாமல் நெடுங்காலம் ஓடிய இடங்களும் உண்டு. லினக்ஸ் இயங்குதளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உலகின் அதிவேகக் கணினிகள் 500ம் அதில்தான் இயங்குகின்றன. அதை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், மற்றவர்களின் வேலையில் குறை கண்டால் கடும் சொற்களால் தாக்கி எழுதுபவர் என்று பெயரெடுத்தவர். 2018 செப்டம்பரில் அவரே பொதுவில் மன்னிப்புக் கேட்டார். மனிதர்களின் உணர்வைப் புரிந்துகொள்ள உதவி நாடப்போவதாகச் சொல்லிச் சில வாரங்கள் விலகி நின்றார். அதே சமயத்தில் லினக்ஸ் குழு ஒரு நடத்தை நெறிமுறையை ஏற்றது. அது 2014ல் கோரலைன் அடா எம்கே எழுதி வெளியிட்ட, ஆயிரக்கணக்கான திட்டங்கள் எடுத்தாளும் ‘பங்களிப்பாளர் உடன்படிக்கை’யைத் தழுவியது. விக்கிமீடியா அறக்கட்டளையும் 2021ல் தன் எல்லாத் திட்டங்களுக்கும் பொதுவான நடத்தை நெறிமுறையை அங்கீகரித்தது. நம் தமிழ் விக்கிப்பீடியாவுக்கும் அது பொருந்தும்.

“மரியாதை என்றால் என்ன?”

நானும் வேறு 6 பேரும் ஒரு சமூக மன்ற அறையில் மூன்று மாலைகள் உட்கார்ந்து எங்கள் விதிகளை எழுதினோம். முதல் மாலையே தகராறு.

“40 பேருக்கு எதற்குச் சட்டதிட்டம்? நல்லவர்களுக்குத் தேவையில்லை, கெட்டவர்கள் கேட்கப்போவதில்லை” என்றார் ஒருவர். எனக்கு முதலில் பதில் தோன்றவில்லை. பிறகு சொன்னேன்: “அந்தச் சிரிப்பு முகத்தைப் போட்டவர்களில் நானும் ஒருத்தி. நான் கெட்டவளா?” அந்தப் படத்தைப் போட்ட இளையரும் கெட்டவர் அல்லர். ஒரு முறை முழங்கால் வரை சேற்றில் சிக்கிய என்னைக் கைகொடுத்துத் தூக்கியவர் அவர்தான். நல்லவர்கள் அசந்திருக்கும் நேரத்துக்குத்தான் விதி தேவைப்படுகிறது.

முதல் வரைவில், ‘அனைவரும் ஒருவருக்கொருவர் மரியாதையுடன் நடந்துகொள்ள வேண்டும்’ என்று எழுதினோம். ஓர் ஆசிரியை பேனாவைக் கீழே வைத்தார். “மரியாதை என்றால் என்ன? எங்கள் வீட்டில் பெரியவர்களை எதிர்த்துப் பேசாமல் இருப்பதுதான் மரியாதை. இங்கேயும் அப்படியா? அப்படியென்றால் மூத்தவர் தப்பாக எண்ணினால் யார் சொல்வது?”

சரியான கேள்வி. பிழையைச் சுட்டாத இடத்தில் அறிவியல் இல்லை. முகம் கோணாமல் இருக்க வேண்டும் என்பதற்காகத் தவறான எண்ணிக்கையை விட்டுவிட்டால், அந்தக் கரைக்கே நாம் துரோகம் செய்கிறோம். அதனால் ‘மரியாதை’ என்ற சொல்லை எடுத்துவிட்டு, செய்ய வேண்டியதை எழுதினோம். பிழை திருத்துபவர் மூன்றைச் சொல்ல வேண்டும்: என்ன பிழை, அது பிழை என்று எப்படித் தெரிந்தது, சரியானதை எங்கே பார்க்கலாம். திருத்தம் பதிவுக்குப் பக்கத்தில் வரும். பதிந்தவரைப் படம் பிடித்துக் குழுவில் போடக்கூடாது. மூத்தவருக்கும் நேற்று சேர்ந்தவருக்கும் அதே விதி.

அடுத்த விதியை நியூயார்க்கிலுள்ள ரிகர்ஸ் சென்டரிலிருந்து கற்றுக்கொண்டோம். நிரல் எழுதப் பழகுபவர்கள் கூடும் இடம் அது. அங்கே, தெரியாததைக் கேட்பவரிடம் வியப்புக் காட்டக்கூடாது என்று ஒரு விதி உண்டு. அதைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. “ஐயோ, இதுகூடத் தெரியாதா?” என்று கேட்பதால் கேட்டவருக்கு ஒரு புதுத் தகவலும் கிடைப்பதில்லை. எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது என்பது மட்டும்தான் அதில் இருக்கிறது. எங்கள் நெறிமுறையில் அதை அப்படியே பேச்சுத் தமிழில் எழுதினோம்: “இதுகூடத் தெரியாதா என்று இங்கே யாரும் யாரையும் கேட்கக்கூடாது.”

மூன்றாவது மாற்றம் அட்டவணையில் நடந்தது. அறிவியல் பெயருக்கு முன்னால் ‘உங்களுக்குத் தெரிந்த பெயர், எந்த மொழியிலும்’ என்று ஒரு கட்டமும், ‘எதைப் பார்த்துச் சொல்கிறீர்கள்’ என்று ஒரு கட்டமும் சேர்த்தோம். பத்து அறிவுரைகளைவிட இந்த இரண்டு கட்டங்கள் அதிகம் செய்தன. மலாய், சீனம், தமிழ்ப் பெயர்கள் வரத் தொடங்கின. அறிவியல் பெயரைப் பிறகு யாராவது நிரப்பிக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும் திறந்து வைப்பதும் நன்மையில்லை என்பதையும் பேசினோம். மஞ்சள்தலைக் கொண்டைக்குருவி என்ற பாட்டுப் பறவை, கூண்டில் வளர்ப்பதற்காகப் பிடிக்கப்பட்டே இப்பகுதியின் பல இடங்களில் அற்றுப்போய்விட்டது. 2018ல் அது மிக அருகிவிட்ட இனமாக அறிவிக்கப்பட்டது. புலாவ் உபினில் இன்னும் அதன் குரல் கேட்கிறது. அதன் கூடு இருக்கும் மரத்தைப் படத்தோடும் இடத்தோடும் போட்டால் யார் முதலில் போய்ச் சேர்வார்? அதனால்தான் ‘ஐநேச்சுரலிஸ்ட்’, ‘இபேர்ட்’ போன்ற பெரிய தளங்கள் அரிய உயிரினங்களின் துல்லியமான இடத்தை மறைக்கின்றன. இதைப் பேசியபோது ஓர் இளம்பெண் மெல்லக் கேட்டார்: “பறவைக்குச் சரி. எங்களைக் கேட்காமல் எங்கள் படத்தை, இன்ன நேரத்தில் இன்ன கரையில் இருந்தோம் என்று போடுகிறீர்களே, அதற்கு?” அறையில் இருந்த யாருக்கும் அதுவரை அது தோன்றவில்லை. அன்றே விதியாயிற்று.

யாரிடம் சொல்வது?

மூன்றாம் மாலை மிகக் கடினமாக இருந்தது. விதி மீறப்பட்டால் யாரிடம் சொல்வது என்று எழுதாத நெறிமுறை, சுவரில் மாட்டிய நாள்காட்டியைப் போன்றது. பார்க்கலாம், அவ்வளவுதான்.

இருவரை நியமிப்பது என்று முடிவானது. ஓர் ஆண், ஒரு பெண். குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரும் அதில் இருக்கக்கூடாது. சொன்னவர் பெயரை அவர் சம்மதமின்றி வெளியிடக்கூடாது. 3 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். முதலில் பேச்சு, பிறகு எழுத்துவழி எச்சரிக்கை, பிறகு தற்காலிக விலக்கு, கடைசியாக நீக்கம். மிரட்டல், தொந்தரவு என்று போனால் அது எங்கள் கையில் இல்லை. அதற்குத் தொந்தரவிலிருந்து பாதுகாக்கும் சட்டம் 2014 முதல் நம் நாட்டில் இருக்கிறது.

குழுவைத் தொடங்கியவர் அதுவரை தலையாட்டிக்கொண்டிருந்தார். “அப்படியானால் என்மீதும் புகார் கொடுக்கலாமா?” என்றார்.

“ஆமாம்” என்றார் ஆசிரியை.

அறை சற்று நேரம் அமைதியாக இருந்தது. 12 ஆண்டு உழைத்து அந்தக் குழுவை வளர்த்தவர் அவர். அவர் முகம் வாடியதை நான் பார்த்தேன். பிறகு, “சரி, எழுதுங்கள்” என்றார். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் மற்ற வரிகளை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

அங்கிள் கண்ட குறை

அச்சிட்ட இரண்டு பக்கத்தை எடுத்துக்கொண்டு செம்பவாங் போனேன். அவர் வீட்டு புளோக்கின் கீழே காப்பிக்கடையில் உட்கார்ந்தோம். முதலில் மன்னிப்புக் கேட்டேன். “விடும்மா, நீங்கள்லாம் படிச்ச புள்ளைங்க” என்றார். அந்தச் சொல் இன்னும் உறுத்துகிறது.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு பக்கத்தையும் விரலை வைத்து நிதானமாகப் படித்தார். கோப்பி ஆறிவிட்டது.

“எல்லாம் நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. யாரு புகார் குடுக்கலாம், எப்படிக் குடுக்கலாம், எல்லாம் இருக்கு. தப்புப் பண்ணவன் எப்படி மன்னிப்புக் கேக்குறதுன்னு இல்லையே?”

நான் விழித்தேன்.

“நாப்பது பேரு பாக்கச் சிரிச்சீங்க. இப்ப நீ மட்டும் தனியா வந்து, காதோட சொல்லிட்டுப் போறே. அது உனக்கு லேசா இருக்கும். எனக்கு?”

திரும்பி வரும் வழியில், அதே எம்ஆர்டி ரயிலில், குழுவில் எழுதினேன். அன்று நான் சிரித்தது தவறு என்றும், அந்தப் பதிவு சரி என்றும், ஏன் சரி என்றும் எழுதினேன். அனுப்பும் பொத்தானைத் தட்ட மூன்று நிலையங்கள் கடந்தன. சற்று நேரத்தில் அந்த இளையரும் எழுதினார். இப்போது எங்கள் நெறிமுறையில் ஒரு வரி கூடுதலாக இருக்கிறது: எந்த இடத்தில் தவறு நடந்ததோ அந்த இடத்திலேயே, பாதிக்கப்பட்டவர் விரும்பினால், வருத்தம் தெரிவிக்க வேண்டும்.

அங்கிள் குழுவுக்குத் திரும்பிவிட்டார் என்று எழுத ஆசைதான். இன்னும் திரும்பவில்லை. ஆனால் பல ஆண்டுகளாகத் தேதி, நேரம், நீர்மட்டம் எல்லாம் குறித்து வைத்திருக்கும் குறிப்பேடுகளில் ஒன்றை மட்டும் என்னிடம் கொடுத்தார். “இதை முடிச்சிட்டுக் கொண்டா. மத்ததை அப்புறம் பாக்கலாம்” என்றார். பாதி ஆங்கிலமும் பாதி மலாயும் கலந்து தமிழ் எழுத்தில் எழுதிய அந்தக் குறிப்பேட்டை இரவு நேரங்களில் அட்டவணையில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் அப்படி ஏற்றிக்கொண்டிருந்தபோது, தொடக்கநிலை 5ல் படிக்கும் என் மகன் கணக்குப் புத்தகத்தோடு வந்தான். பின்னத்தில் ஒரு சந்தேகம். போன வாரம்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். நாக்கு நுனி வரை வந்துவிட்டது, “டேய், இதுகூடத்...”

“சரி, உட்கார். எதுவரைக்கும் புரிஞ்சுது, சொல்லு” என்றேன்.